பிரித்துவிடத் துணி வேண்டாம்

போன சனிக்கிழமை வரை இதை எழுதுவதாக இல்லை. தோற்றிருந்தால் எழுதியிருக்கவே மாட்டேன். என் குணம்தான் உங்களுக்குத் தெரியுமே!

விஷயம் ஒரு ப்ளவுஸ்.

முதல் சம்பளத்தில் வாங்கிய பட்டுப் புடவையின் ப்ளவுஸ். அரக்கு நிறம், கை ஓரத்தில் ஜரிகை. போன வருடம் பெங்களூரில் எங்கள் ஈஜிபுரா தெருமுனை டெய்லர் பாஷா பாயிடம் தைக்கக் கொடுத்தபோது அம்மாவும் கூட வந்தாள். "ரெண்டு பக்கமும் ரெண்டு வெரல் துணி உள்ள வுட்டுத் தை பாய். பின்னாடி பிரிச்சிக்கலாம்" என்றாள்.

எனக்கு மானமே போய்விட்டது. எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவள் நான். பி.எஸ்ஸி. முடித்து சாஃப்ட்வேர் கம்பெனியில் டெஸ்டிங் வேலை பார்க்கிறவள். என் உடம்பைப் பற்றி எனக்குத் தெரியாதா?

"வேணாம் பாய், வெட்டிடுங்க. நான் என்ன குண்டாகவா போறேன்?"

பாய் கத்தரிக்கோலோடு அம்மாவைப் பார்த்தார். அம்மா என்னைப் பார்த்தாள். நான் கத்தரிக்கோலைப் பார்த்தேன். வெட்டிவிட்டார்.

அதன் பிறகு பதினான்கு மாதங்கள்... வாசலுக்கே வரும் கம்பெனி கேப். நாற்காலியில் ஒன்பது மணி நேரம். தினம் நாலு மணிக்கு இலவச சமோசா. இலவசமாக வருவதை வேண்டாம் என்று சொல்ல எங்கள் பரம்பரையில் யாருக்கும் பழக்கமில்லை.

இரண்டு மாதம் முன்பு ஆபீஸில் ஆண்டு விழா அறிவித்தார்கள். நன்றியுரை நான். வீட்டுக்கு ஓடிவந்து ப்ளவுஸை மாட்டினேன். முழங்கைக்கு வந்ததும் நின்றுவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. பிடிபட்ட திருடி மாதிரி இரண்டு கையும் முதுகுக்குப் பின்னால்!

அம்மாதான் உருவிவிட்டாள். "சொன்னனா இல்லியாடி?"

"எட்டு வாரம் இருக்கும்மா. இதே ப்ளவுஸைப் போட்டுக்கிட்டுத்தான் மேடை ஏறுவேன். நீயும் வந்து பாரு."

"நான் எதுக்கு? அந்த மாதிரி கண்ணாடி பில்டிங்குக்குள்ள, கட்டும்போது கல்லு தூக்கிக்கினு போனதோட சரி."

"ப்ளவுஸ் ஏறிட்டா?"

அம்மா சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு நாய் எழுந்து உட்கார்ந்தது. "இது ஏறிச்சின்னா வர்றேண்டி. மொத வரிசையிலயே குந்தறேன்."

பந்தயம் புரிந்துவிட்டதல்லவா? ஏறினால் அம்மா விழாவுக்கு வருவாள். ஏறாவிட்டால் நான் தனியாக மேடை ஏற வேண்டும்... அதுவும் புது ப்ளவுஸில், ஆயுள் முழுக்க "சொன்னனா இல்லியா" கேட்டுக்கொண்டு.

மறுநாளே ஜிம்மில் சேர்ந்தேன். எங்கள் ஏரியா ஜிம் ஒரு பேக்கரிக்கு மாடியில் இருக்கிறது. எந்த மகானுபாவன் பார்த்துவைத்த இடமோ! மேலே வியர்வை, கீழே காரா பன் வாசனை. மாஸ்டர் பெயர் மஞ்சு. கன்னடக்காரர், தமிழும் பேசுவார், ஊதினால் பறந்துவிடும் தேகம்.

"எனக்குக் கையும் இடுப்பும் மட்டும் குறைஞ்சா போதும் மாஸ்டர்."

"மேடம், இது ஹோட்டலா? இது பேக்கு, அது பேடா, இது வேணும், அது வேணாம்னு ஆர்டர் கொடுக்க? கொழுப்பு எங்கேருந்து போகணும்னு கொழுப்புதான் டிசைட் பண்ணும். சும்மா வெய்ட் தூக்குங்க."

"ஐயோ, கை ஆம்பளை மாதிரி ஆயிடுமே!"

மஞ்சு தன் கையை மடக்கிக் காட்டினார். "நான் ஆறு வருஷமா தூக்கறேன். தினமும் ஆறு முட்டை திங்கறேன். எனக்கே இவ்வளவுதான் வந்திருக்கு. உங்களுக்கு எட்டு வாரத்துல வந்துடுமா?"

நியாயம்தான். ஆனால் படித்தவள் அவ்வளவு சீக்கிரம் கேட்பாளா? ட்ரெட்மில்லிலேயே நாலு வாரம் ஓடினேன். ஓடி முடித்து இறங்கினால் பேக்கரி. இவ்வளவு ஓடியிருக்கிறோமே, ஒரு பன் சாப்பிட்டால் என்ன? சாப்பிட்டேன். மறுநாள் அந்தப் பன்னுக்காக ஓடினேன். நாலு வாரத்தில் குறைந்தது கன்னம் மட்டும். ப்ளவுஸுக்குக் கன்னம் தேவையே இல்லை!

ஐந்தாவது வாரம் வாயை மூடிக்கொண்டு டம்பெல்லைத் தூக்கினேன். தோளில் கம்பியை வைத்து உட்கார்ந்து எழுந்தேன். பன் ஞாயிற்றுக்கிழமை மட்டும் என்று மஞ்சு சட்டம் போட்டார். நாலு மணி சமோசாவுக்குப் பதில் வீட்டிலிருந்து சுண்டல். முதல் நாள் தூக்கியதற்கு மறுநாள் கேப்பிலிருந்து இறங்க முடியாமல் டிரைவர் கையைப் பிடித்து இறக்கிவிட்டார். பார்த்தவர்கள் எனக்கு ஏதோ ஆபரேஷன் என்று நினைத்துக்கொண்டார்கள்.

ஒருநாள் வீட்டுச் சாவி வாங்க அம்மா ஜிம்முக்கே வந்துவிட்டாள். பத்து வருடம் சித்தாள் வேலை பார்த்தவள். கொஞ்ச நேரம் நின்று கவனித்தாள்.

"என்னாடி இது? தூக்கின எடத்துலயே வெக்கற?"

"அதுதாம்மா எக்சர்சைஸ்."

"தூக்கினா வேற எடத்துல எறக்கணும். அதுக்குப் பேரு வேல. இதுக்குக் காசு அவன் தர்றானா, நீ தர்றியா?"

மஞ்சு முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். போகும்போது அம்மா, வழியில் கிடந்த ஒரு பெரிய டம்பெல்லை ஒற்றைக் கையால் எடுத்து ஓரமாக வைத்துவிட்டுப் போனாள். நான் அதை இரண்டு கையாலும் அசைத்ததில்லை.

எட்டாவது வாரக் கடைசி. விழாவுக்கு இன்னும் மூன்றே நாள். ஜிம் தராசில் ஏறினேன். முள் நடுங்கி நின்றது. ஆரம்பத்தில் இருந்ததைவிட ஒரே ஒரு கிலோ குறைவு. ஒரு கிலோ! அதற்கு நான் தக்காளி வாங்காமல் இருந்திருக்கலாமே... கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது.

"மேடம், அளாதீங்க. தராசுக்குக் கொழுப்பும் ஒண்ணுதான், தசையும் ஒண்ணுதான். உள்ள போனது எது, வெளிய வந்தது எதுன்னு அதுக்கு என்ன கொத்து, என்ன தெரியும்? போய் ப்ளவுஸைக் கேளுங்க."

கேட்டேன். கதவைச் சாத்திக்கொண்டு வலது கையை விட்டேன். முழங்கை... தாண்டியது. இடது கையும் தாண்டியது. ஹூக் ஒன்று, இரண்டு, மூன்று... கடைசி ஹூக்கும் விழுந்தது. மூச்சு விட்டுப் பார்த்தேன். எதுவும் தெறிக்கவில்லை. அடடே, இடுப்பில் தொளதொளவென்றுகூட இருந்தது!

கதவைத் திறந்தேன். அம்மா தலையிலிருந்து கால்வரை பார்த்தாள். பீரோவைத் திறந்து தன் நல்ல புடவையை வெளியே எடுத்துவைத்தாள். எனக்கு அது போதும்.

அன்று மாலையே இடுப்பைப் பிடிக்க பாஷா பாயிடம் போனோம். அவர் டேப்பைப் போட்டார். "அரே, ரெண்டு இன்ச் போயிடுச்சே மா! புடிச்சிடறேன்." பழைய அளவு நோட்டைப் புரட்டினார். என் பெயருக்குக் கீழே அவர் கையெழுத்தில்: 'துணி விட வேண்டாம். பார்ட்டியே சொன்னது.'

"இப்ப உள்ள வர்ற துணியையும் வெட்டிடவா மா?"

அம்மா கூரையில் ஃபேனைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ரொம்ப அக்கறையாக.

எட்டு வாரத்தில் கொழுப்பு எங்கெங்கிருந்தோ குறைந்திருக்கிறது. வாயிலிருந்தும் கொஞ்சம் குறைந்திருக்க வேண்டும்.

"வேணாம் பாய்," என்றேன். "உள்ளயே இருக்கட்டும்."

சனிக்கிழமை நன்றியுரை பிரமாதம். முதல் வரிசையில் ஒருத்தி தப்பான இடத்திலெல்லாம் கை தட்டினாள். விருந்தில் நான் சாப்பிட்டது மூன்று குலாப் ஜாமூன்... துணி இருக்கிற தைரியம்தான்!