மைக்கில் ஒலித்த பெயர்

ஃப்ளாட்டுப் பொங்கல் விழாவுக்கு மடக்கு நாற்காலிகளை விரித்தபோது உள்ளங்கையில் ஏறிய துரு வாசனையில், இந்தக் கட்டடத்துக்கு முன் இங்கிருந்த மந்தைவெளி மைதானம் திரும்பி வந்தது. பொங்கலுக்குப் பொங்கல் அங்கே மியூசிக்கல் சேர். மைக் செட் போடும் பஷீர் பாய் எங்களுக்கு முதுகைக் காட்டியபடிதான் பாட்டை நிறுத்துவார், அப்படியும் கடைசி நாற்காலியில் அவர் மகள் நூர்ஜகான்தான் உட்கார்ந்திருப்பாள். பரிசு சோப்பு டப்பா யாருக்கு வேண்டும்? "எம் பொண்ணு நூரு கெலிச்சிட்டாபா!" என்று அவர் மைக்கில் கத்துவது நாலு தெருவுக்குக் கேட்கும்; அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். என் அப்பா வீட்டுக்குள்கூட என் பெயரை உரக்கச் சொன்னதில்லை.

இன்று என் மகள் ஜெயித்தாள். என் கணவர் ஓடிப்போய் மைக்கைப் பிடுங்கி அவள் பெயரைக் கத்தினார். எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன், அன்று நூருவுக்குத் தட்டிய மாதிரியே, பல்லைக் கடித்துக்கொண்டு.