மண்புழுக்களைக் காட்டும் வேலை

மாமல்லபுரம் கடற்கரையில் ஒரு ரிசார்ட்டில் விருந்தினர்களுக்கு மண்புழுக்களைக் காட்டுவது என் வேலையாக இருந்தது. சேரும்போது அப்படிச் சொல்லவில்லை. விருந்தினர் தொடர்பு அலுவலர் என்றார்கள். வரவேற்பு மேசையில் நின்று சிரிக்க வேண்டும், இளநீர் கொடுக்க வேண்டும், அறையில் ஏசி ஓடவில்லை என்று யாராவது கத்தினால் தலையாட்டிக் கேட்டுக்கொள்ள வேண்டும் என்று நினைத்துக்கொண்டு, செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாகப் போகும் பேருந்தில் தினமும் போய் வந்தேன்.

எங்கள் மேலாளர் எங்கோ ஒரு மாநாட்டுக்குப் போய்த் திரும்பியதிலிருந்துதான் எல்லாம் ஆரம்பித்தது. மனிதருக்கு அங்கே இயற்கை பிடித்துக்கொண்டது. வந்த மறுநாளே எங்களையெல்லாம் கூட்டி, இனி நம் ரிசார்ட்டிலிருந்து ஒரு வாழைப்பழத் தோல்கூட குப்பைக்குப் போகாது, எல்லாவற்றையும் மண்புழு உரமாக்கப் போகிறோம் என்றார். 'இயற்கை' என்ற சொல் வரும்போதெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார். கண்ணைத் திறந்ததும் பிளாஸ்டிக் பாட்டிலிலிருந்து ஒரு வாய் தண்ணீர் குடித்தார்.

புழுக் கொட்டகையைச் சமையலறைக்குப் பக்கத்தில் கட்டியிருந்தால் ஏதாவது பயன் இருந்திருக்கும். வாசலுக்கும் நீச்சல் குளத்துக்கும் நடுவில், யார் வந்தாலும் கண்ணில் படுகிற இடத்தில் கட்டினார்கள். மேலே ஓலை வேய்ந்து, முன்னால் எங்கிருந்தோ வாங்கிவந்த ஒரு மாட்டுவண்டிச் சக்கரத்தைச் சாய்த்துவைத்தார்கள். சிமெண்டுத் தொட்டிகளின் வெளிப்பக்கம் முழுக்கக் கோலம். புழுக்களுக்கு வெளிச்சம் ஆகாது என்று அவற்றை விற்றவர் சொல்லிவிட்டுத்தான் போனார். ஆனால் படம் எடுத்தால் நன்றாக வர வேண்டுமே! தொட்டிக்கு மேலேயே விளக்குகளைத் தொங்கவிட்டார்கள். 'புழுக்கள் உறங்குகின்றன, அமைதி காக்கவும்' என்று ஒரு பலகையும் எழுதிவைத்தார்கள்.

கொட்டகையைப் பார்த்துக்கொள்ள, அதுவரை தோட்டம் கூட்டிக்கொண்டிருந்த ஒரு அக்காவைப் போட்டார்கள். "கிராமத்து ஆள். இதெல்லாம் ரத்தத்திலேயே இருக்கும்" என்றார் மேலாளர். அவர் போனதும் அக்கா என்னிடம் கேட்டார்.

"இன்னாம்மா சொல்றாரு இவரு? எங்கூர்ல எவன் புழு வளத்தான்? எங்க நைனா லாரி ஓட்னாரு. எனுக்குப் புழுவக் கண்டாலே குமட்டிகினு வரும்."

அது மெய். அக்கா இரண்டு கைக்கும் உறை மாட்டிக்கொண்டு, முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டுதான் காய்கறித் தோலைப் போடுவார். ஒரு புழு தொட்டி விளிம்பில் ஏறிவிட்டால் குச்சியால் தள்ளுவார். தள்ளும்போது அதைத் திட்டுவார். அதற்குப் பிறகு நான் விருந்தினர்களைக் கூட்டிக்கொண்டு வரும்போது, தலையில் மல்லிகைப்பூவோடு, சொல்லிக்கொடுத்தபடி புன்னகை செய்துகொண்டு நிற்பார். என்னையும் அவரையும் விட்டால் அந்த ரிசார்ட்டில் நன்றாக நடிக்கத் தெரிந்தவர் மேலாளர் ஒருவர்தான்.

எனக்கு வசனம் எழுதிக் கொடுத்திருந்தார்கள். இன்று நீங்கள் உரித்த பழத்தின் தோல், நாளை எங்கள் தோட்டத்துச் செம்பருத்தி. இந்தச் சின்னஞ்சிறு உழவர்களுக்கு வணக்கம் சொல்லுங்கள். அந்த இடத்தில் நான் கைகூப்ப வேண்டும். விருந்தினர்களும் கைகூப்புவார்கள். பெரும்பாலும் நாவலூர் பக்கத்து அலுவலகங்களிலிருந்து டீம் அவுட்டிங் வருகிறவர்கள். ஒரே நிறத்தில் டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு கும்பலாக வருவார்கள். "இது கடிக்குமா?" என்று ஒருவராவது கேட்பார். ஒருவராவது உள்ளங்கையில் ஒரு புழுவை வைத்துப் படம் எடுத்துக்கொள்வார். ஒருமுறை ஒரு அம்மாள், தலைமைப் பண்பு என்றால் என்ன என்பதை இந்தப் புழுக்களிடமிருந்து இன்று கற்றுக்கொண்டேன் என்று கண்கலங்கினார். புழு என்ன செய்து காட்டியது என்று எனக்கு இன்றுவரை விளங்கவில்லை. வெளிச்சத்துக்குப் பயந்து மண்ணுக்குள் போனது, அவ்வளவுதான்.

உண்மையில் அந்தத் தொட்டிகளுக்குப் போனது ஒரு வாளிக் கழிவுதான். அதுவும் அழகாக நறுக்கிய பப்பாளித் தோல், வாழைப்பழத் தோல், கீரைத் தண்டு என்று பார்த்துப் பார்த்து எடுத்துவைத்தது. பஃபேயில் மிஞ்சும் பிரியாணியும் பனீரும் கடித்துப்போட்ட எலும்பும் இறால் தோலும் பெரிய பெரிய டிரம்களில் பின்வாசலுக்குப் போகும். மதியம் ஒரு டிராக்டர் வந்து ஏற்றிக்கொண்டு, சாலையைத் தாண்டி, சவுக்குத் தோப்புக்குப் பின்னால் கால்வாய்க் கரையில் கொட்டிவிட்டு வரும். நாங்கள் சாப்பிடும் இடம் பின்வாசலை ஒட்டி இருந்ததால் எங்கள் எல்லோருக்கும் தெரியும். டிராக்டர் சத்தம் கேட்டால் சாப்பாட்டு நேரம் முடிந்தது என்று எழுந்துகொள்வோம்.

ஒரு முகூர்த்த நாளில் புல்வெளியில் கல்யாண வரவேற்பு நடந்தது. அன்றைக்கென்று டிராக்டர் பழுதாகிவிட்டது. டிரம்கள் எல்லாம் நிரம்பி வழிய, தலைமைச் சமையல்காரர் ஒரு வழி கண்டுபிடித்தார். மிச்சம் முழுவதையும் புழுத் தொட்டிகளில் கொட்டச் சொன்னார். அக்கா குறுக்கே போய் நின்றிருக்கிறார்.

"வேணாம் சார். காரம், எண்ண, உப்பெல்லாம் போடவே கூடாதுன்னு வித்தவரே சொல்லிட்டுப் போனாரு."

"புழுன்னா எதையும் தின்னும். அதுக்குத்தானே வளர்க்கிறோம்? தள்ளு."

பிரியாணி, ஊறுகாய், பிழிந்துபோட்ட எலுமிச்சை மூடிகள், ரசகுல்லா ஜீராவோடு எல்லாவற்றையும் கொட்டிவிட்டார்கள்.

மறுநாள் காலையில் நான் போனபோது கொட்டகையிலிருந்து வந்த நாற்றம் வாசல் வரை அடித்தது. தொட்டிக்குள் கையை நீட்டினால் அடுப்புப் பக்கம் நீட்டியதுபோல் சூடு. புழுக்கள் தப்பித்துப் போகப் பார்த்திருக்கின்றன. தொட்டிச் சுவரில் கோலத்தின் மேலெல்லாம் அப்பிக்கொண்டிருந்தன. தரையில் விழுந்தவை வெயில் படத் தொடங்கியதும் சுருண்டு நூல்போல் காய்ந்துகொண்டிருந்தன. எறும்புகள் இழுத்துப்போயின. அக்கா அந்தத் தரையில் மண்டிபோட்டு உட்கார்ந்து, கையில் உறைகூட இல்லாமல், உயிரோடு நெளிந்தவற்றை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஈரச் சாக்கில் போட்டுக்கொண்டிருந்தார். முந்தானையை மூக்கைச் சுற்றிக் கட்டியிருந்தார்.

"உங்களுக்குத்தான் பிடிக்காதே, அக்கா?"

"புடிக்கலன்னா இன்னா? சாவுதுங்கம்மா. நீயும் குந்து."

நானும் குந்தினேன். ஒரு காலி பெயிண்ட் வாளியில் பழைய சாணமும் தேங்காய் நாரும் போட்டு அதற்குள் சேர்த்தோம்.

மேலாளர் வந்தார், பின்னாலேயே தலைமைச் சமையல்காரரும் வந்தார். மேலாளர் மூக்கைப் பொத்திக்கொண்டு அக்காவைப் பார்த்துத்தான் கத்தினார். "கிராமத்து ஆளுன்னு நம்பி விட்டேன்! ஒரு புழுவைக்கூடப் பார்த்துக்கத் தெரியலை. இப்படிக் கொன்னு போட்டிருக்கியே!"

அக்கா எழுந்து நின்றார். கையெல்லாம் சாணம்.

"புழுவுக்கு ஊறுகா போட்டது நானா சார்?"

தலைமைச் சமையல்காரர் கைப்பேசியில் எதையோ அவசரமாகத் தேடிக்கொண்டிருந்தார். நான் சொன்னேன், சமையலறையிலிருந்துதான் கொட்டினார்கள், அக்கா தடுத்திருக்கிறார் என்று. மேலாளர் என் பக்கம் திரும்பவே இல்லை. எதிர்த்துப் பேசுகிற ஆள் இங்கே வேண்டாம், இன்றோடு நின்றுகொள் என்று அக்காவிடம் சொல்லிவிட்டு, அதே மூச்சில் எனக்கு உத்தரவு போட்டார். பதினோரு மணிக்கு ஒரு கம்பெனியிலிருந்து ஆட்கள் வருகிறார்கள். தொட்டிகளைச் சாக்குப்போட்டு மூடு, ஊதுபத்தி ஏற்று, புழுக்கள் ஓய்வெடுக்கின்றன என்று சொல்லிச் சமாளி.

அக்கா குழாயடியில் கை கழுவி, புடவையை உதறிக் கட்டிக்கொண்டு, கிளம்பிப் போனார். தலையில் வைக்க வாங்கிவந்த பூ ஆணியில் தொங்கிக்கொண்டிருந்தது.

பதினோரு மணிக்கு மஞ்சள் டீ-ஷர்ட்டுகள் வந்தன. அவர்களைக் கொட்டகைப் பக்கம் நான் கூட்டிப்போகவில்லை. சமையலறையைச் சுற்றிக்கொண்டு நேரே பின்வாசலுக்குக் கூட்டிப்போனேன். வீராவேசம் ஒன்றும் இல்லை. டிராக்டர் பழுது நீங்கி அப்போதுதான் வந்து நின்றிருந்தது. டிரம்களை ஏற்றிக்கொண்டிருந்தார்கள். ஈக்கள் மொய்த்தன.

"நீங்கள் இங்கே சாப்பிட்டுவிட்டு மிச்சம் வைப்பதெல்லாம் இந்த வண்டியில்தான் போகிறது. அதோ தெரிகிற தோப்புக்குப் பின்னால், கால்வாய்க் கரையில் கொட்டுகிறார்கள். புழுக்கள் படம் எடுப்பதற்காக வைத்தவை. நேற்று பிரியாணியைக் கொட்டியதில் அவையும் செத்துவிட்டன. அவற்றைக் காப்பாற்றப் பார்த்த அம்மாவை இன்று காலையில் வேலையை விட்டு அனுப்பிவிட்டார்கள்" என்றேன்.

யாராவது மேலாளரைக் கூப்பிட்டுச் சத்தம் போடுவார்கள், இங்கே சாப்பிட மாட்டோம் என்று ஒருவராவது கிளம்புவார் என்று எதிர்பார்த்தேன். என் அப்பாவித்தனத்துக்கு அளவே இல்லை.

அவர்களுடைய தலைவர் போலிருந்தவர் முன்னால் வந்தார். "இந்த நேர்மை இருக்கு பாருங்க, இதைத்தான் நான் மீட்டிங்ல எப்பவும் சொல்லுவேன். இவங்களுக்கு ஒரு பெரிய கைதட்டல்!"

கைதட்டினார்கள். டிராக்டருக்கு முன்னால் நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். ஒரு பையன், "இறால் இன்னைக்கும் பஃபேல இருக்கா?" என்று கேட்டான். எல்லோரும் சாப்பிடப் போனார்கள். மலைபோல் குவித்துக்கொண்டு, பாதியை அப்படியே வைத்துவிட்டு எழுந்தார்கள்.

மேலாளர் மாலையில் என்னை அறைக்கு அழைத்தார். வேலை போய்விட்டது என்று முடிவுசெய்துகொண்டு, பையையும் கையோடு எடுத்துக்கொண்டு போனேன். அவரோ நாற்காலியை இழுத்துப்போட்டு உட்காரச் சொன்னார்.

"அற்புதம்மா! வந்தவங்க என்ன எழுதியிருக்காங்க தெரியுமா? இவ்வளவு வெளிப்படையான ரிசார்ட்டை நாங்க பார்த்ததே இல்லையாம். நாம இதை நிரந்தரமாவே சேர்த்துக்கலாம். முதல்ல பின்வாசல், நம்ம பிரச்சினை. அப்புறம் கொட்டகை, நம்ம தீர்வு. புதுப் புழு சொல்லியாச்சு. டிராக்டருக்கு மட்டும் பச்சை பெயிண்ட் அடிச்சிடலாம்."

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். கிண்டல் செய்கிறாரோ என்று தேடினேன். இல்லை, மனிதர் முழு மனதோடுதான் பேசினார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. அயோக்கியன் என்றால் திட்டிவிட்டுப் போகலாம். இவருக்குத் தான் செய்வது என்ன என்றே தெரியவில்லை.

"அந்த அக்காவைத் திரும்பக் கூப்பிடுவீங்களா, சார்?"

"எந்த அக்கா?"

நாளையிலிருந்து நான் வரவில்லை சார், வேறு ஆளைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டு எழுந்தேன். கொட்டகைக்குப் பின்னால் நிழலில் வைத்திருந்த பெயிண்ட் வாளியை எடுத்துக்கொண்டு பேருந்து நிறுத்தத்துக்கு நடந்தேன். திருக்கழுக்குன்றத்தில் ஏறிய கூட்டத்தில் ஒரு அம்மா வாளியில் என்ன, மீனா என்று கேட்டார். புழு என்றேன். செங்கல்பட்டு வரை என் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

இரண்டு நாள் கழித்து அக்காவின் ஊருக்குப் போனேன். அழுதுகொண்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டு ஆறுதல் வார்த்தைகளோடு போனேன். அக்கா வீட்டு வாசலில் நின்று யாருடனோ போனில் சண்டை போட்டுக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் போனை வைத்துவிட்டு டீ போட்டார். பின்வாசல் கதையையும் கைதட்டலையும் சொன்னேன். சிரித்துச் சிரித்துப் புரைக்கேறிவிட்டது அவருக்கு.

"கை தட்னானுங்களா? நீ இன்னா நெனச்சிகினு போன, அவனுங்க வந்து எனுக்காகக் கொடி புடிப்பானுங்கன்னா?"

"ஆமா அக்கா. அப்படித்தான் நினைச்சேன்."

"நல்ல ஆளும்மா நீ" என்றார். கல்யாண மண்டபத்தில் பாத்திரம் துலக்கும் வேலை கிடைத்திருக்கிறது, திங்கள்கிழமையிலிருந்து போகிறேன் என்றார். புழுக்களில் பாதியை எடுத்துக்கொள்ளுங்கள் என்றேன். கையெடுத்துக் கும்பிட்டு மறுத்துவிட்டார்.

எனக்கும் கொஞ்ச நாளில் ஊரப்பாக்கத்தில் ஒரு பல் மருத்துவமனையில் முன்மேசை வேலை கிடைத்தது. அங்கே நான் எதையும் கும்பிட வேண்டியதில்லை.

புழுக்கள் இப்போது எங்கள் வீட்டுப் பின்பக்கம் ஒரு பழைய டிரம்மில் இருக்கின்றன. அடியில் ஓட்டைபோட்டு, மேலே ஈரச் சாக்கு போட்டிருக்கிறேன். நானும் என் கணவருமாக இரண்டு பேர் சமையலில் விழுகிற கீரைக் காம்பையும் பூசணித் தோலையும் தேயிலைச் சக்கையையும் தின்கின்றன. சீக்கிரம் தின்பதில்லை. வெயில் காலத்தில் பாதி செத்தன, மழையில் மறுபடி பெருகின. அவற்றிடமிருந்து நான் எந்தப் பண்பையும் கற்றுக்கொள்ளவில்லை. கிடைக்கிற உரத்தைக் கறிவேப்பிலைச் செடிக்குப் போடுகிறேன். செடி சுமாராக இருக்கிறது.

என் கணவர் முதலில் டிரம் பக்கமே வரமாட்டார். சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம், சமைக்க அலுத்துப்போய்க் கடையிலிருந்து பரோட்டாவும் சால்னாவும் வரவழைத்துச் சாப்பிட்டோம். மேசை முழுக்கப் பிளாஸ்டிக் டப்பாவும் உறையுமாகக் கிடந்தன. அவர் ஜன்னல் ஓரம் நின்று அவருடைய தம்பியிடம் போனில் பேசிக்கொண்டிருந்தார். "எங்க வீட்ல குப்பைன்னே ஒண்ணு கிடையாதுடா. எல்லாம் புழு பார்த்துக்கும்" என்பது காதில் விழுந்தது. குரலில் அப்படி ஒரு பெருமை. நான் டப்பாக்களை எல்லாம் ஒரு பையில் அள்ளிப் போட்டு அவர் கையில் கொடுத்தேன். போனை வைக்காமலேயே வாங்கிக்கொண்டு, பேசிக்கொண்டே படியிறங்கிப் போய்த் தெருமுனைக் குப்பைத் தொட்டியில் போட்டுவிட்டு வந்தார்.