கட்டிலில் உட்கார்ந்து பார்த்த கண்கள்

கண்ணைப் பரிசோதிக்க ஒரு வரிசை இருக்கிறது. இமை, வெண்விழி, கண்மணி, அசைவு, பக்கப் பார்வை. கண்டியில் தாதிப் பயிற்சியின் இரண்டாம் வருடம், செய்முறைப் பரீட்சையில் எனக்கு விழுந்தது கண்தான்.

நோயாளி தெல்தோட்டைப் பக்கம் தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து பறிப்பவர். மலையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டு வந்திருந்தார். எங்கள் டியூட்டர் புள்ளித் தாளோடு கால்மாட்டில் நின்றார்.

முதல் மூன்றும் சரியாகப் போயின. டோர்ச் வெளிச்சத்துக்கு இரண்டு கண்மணிகளும் ஒரே அளவில் சுருங்கின. நான்காவதில் சிக்கல்.

"என் விரலையே பாருங்க அக்கா. தலைய ஆட்டாம கண்ண மட்டும் திருப்புங்க."

"சரிங்க மிஸ்," என்றவர் போர்வையைப் பார்த்தார். மறுபடி சொன்னேன். மறுபடியும் போர்வை.

"ஒத்துழைக்கவில்லை என்று எழுதிவிட்டு அடுத்ததுக்குப் போ," என்றார் டியூட்டர் சிங்களத்தில்.

எழுதினால் புள்ளி குறையாது. ஆனால் அந்த வாசகம் எங்கள் வார்ட்டில் தோட்டத்து ஆட்களின் தாளில்தான் அதிகம் இருக்கும். இந்த அக்கா மறுக்கவில்லை. என் சித்தியும் தோட்டத்தில் வேலை செய்தவர்தான். வேலை வாங்கும் கணக்கப்பிள்ளை மேலே நின்று பேசும்போது நிமிர்ந்தால் "என்ன முறைக்கிற?" என்பார். வெள்ளைச் சீருடையில், தலைக்கு மேலே நின்று, என்னைப் பார் என்று கேட்டால் யார் பார்ப்பார்கள்?

நான் கட்டிலில் உட்கார்ந்தேன்.

நோயாளியின் கட்டிலில் தாதி உட்காரக் கூடாது. முதல் வாரமே சொல்லித் தந்த விதி.

"எழும்பு!"

"முடித்துவிட்டு எழும்புகிறேன், மெடம்."

பக்கத்துக் கட்டிலில் இருந்த அக்குறணைப் பெண்மணிக்கு வாய் சும்மா இருக்கவில்லை. "அல்லாவே, புள்ள கட்டில்லயே ஏறிட்டா! தலகாணியும் தரட்டா மகள்?"

அக்கா சிரித்துவிட்டார். சிரித்தபடி என் முகத்தை நேராகப் பார்த்தார். நான் விரலை நகர்த்தினேன். வலது கண் கடைசிவரை போனது. இடது கண் வெளிப்பக்கம் பாதியில் நின்றது.

"இப்ப எத்தன விரல் தெரியுது?"

"ரெண்டுங்க."

நான் நீட்டியிருந்தது ஒன்று.

"எப்ப இருந்து அக்கா இப்படி?"

"விழுந்த மறுநாள்ல இருந்துங்க."

"ஏன் சொல்லல?"

"யாருங்க மிஸ் கேட்டாங்க?"

இடது கண் வெளியே திரும்பவில்லை, பொருள் இரண்டாகத் தெரிகிறது என்று எழுதிக் கையெழுத்திட்டேன். பரீட்சையை அப்படியே விட்டுவிட்டு டொக்டரிடம் போனேன். அன்றே ஸ்கேன் எடுத்தார்கள். மண்டைக்குள் இரத்தம் கட்டியிருந்தது. மாலைக்குள் ஒப்பரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனார்கள். அக்கா பிழைத்தார்.

அடுத்த நாள் டியூட்டர் தன் அறைக்குக் கூப்பிட்டார். கோபமில்லாமல்தான் பேசினார். விதியை மீறியது தவறு என்று இரண்டு வரி எழுதித் தந்தால் பரீட்சையில் பாஸ் போடலாம் என்றார். அவருக்கும் மேலே பதில் சொல்ல வேண்டியிருந்தது. அது எனக்குப் புரிந்தது.

"உட்கார்ந்தேன் என்று எழுதுகிறேன், மெடம். தவறு என்று எழுத மாட்டேன். நின்றிருந்தால் அந்தக் கண்ணை நான் பார்த்திருக்க முடியாது."

"அப்படியென்றால் நீ சித்தியடையவில்லை."

"சரி, மெடம்."

எனக்குப் பின் சேர்ந்த தொகுதிப் பிள்ளைகளோடு வரிசையில் நின்று அந்தப் பரீட்சையை மறுபடி செய்தேன். அந்த இரண்டு வரியை எழுதித் தரவேயில்லை.