மணிக்கட்டுக்கு மேலே

மோகனாவுக்கென்று படங்கள் அதிகம் இல்லை. ஐசி எனும் அடையாளக் கார்டில் ஒன்று. கல்யாணத்தில் எடுத்தது ஒன்று; அதில் மாலை முகத்தைப் பாதி மறைத்திருந்தது. தோட்டத்துக் கோயில் திருவிழாவில் பால்குடம் எடுத்த பெண்களின் வரிசையில் ஒன்று. அதில் தான் எங்கே நிற்கிறோம் என்று அவளே தேட வேண்டும்.

ரெம்பாவிலிருந்து உள்ளே தள்ளி இருக்கும் செம்பனைத் தோட்டத்தில் அவள் களைக்கு மருந்து அடிக்கிறாள். முதுகில் பம்பு, காலில் ரப்பர் பூட்ஸ், தலையில் துண்டு, மேலே புருஷனின் பழைய முழுக்கைச் சட்டை. அந்தத் தோட்டத்தில் எந்தப் பெண்ணும் தன் சட்டையைப் போட்டுக்கொண்டு வேலைக்குப் போவதில்லை. காலர் நைந்ததும் புருஷனின் சட்டை பெண்சாதிக்கு வந்துவிடும். கழுத்துவரை பொத்தான், கையிலும் பொத்தான். கையுறை கொடுத்திருக்கிறார்கள். வேர்வையில் வழுக்குகிறது என்று யாரும் போடுவதில்லை.

இப்படியே மோகனா இரண்டு நிறமாகிவிட்டாள். முகமும் கைகளும் வெயிலில் கறுத்துக் காய்ந்தவை. மணிக்கட்டுக்கு மேலே, கழுத்துக்குக் கீழே, வேறொருத்தி. குளிக்கும்போது அந்த வேறொருத்தியை அவள் பார்ப்பாள். வேறு யாரும் பார்த்ததில்லை. புருஷன் தர்மேந்திரன் பார்த்த காலத்திலும் விளக்கை அணைத்துவிட்டுத்தான் பார்த்தான்.

அக்காள் மகள் ரோகினி சிரம்பானில் ஒரு ஸ்டூடியோவில் அலங்காரம் செய்கிறாள். அவள்தான் போன் போட்டாள்.

"சின்னம்மா, பூட்வார்னு புதுசா ஆரம்பிக்கிறோம். பெட்ரூம்ல இருக்கிற மாதிரி எடுக்கிறது. பொம்பளைங்களுக்கு மட்டும். மாடலுங்க வேணாம், சாதாரணப் பொம்பளைங்கதான் வேணும்னு படம் எடுக்கிற ஷாமினி சொல்றாங்க."

"கருமம். யாரு பாக்கிறதுக்கு?"

"நீங்கதான். வேற யாருக்கும் போகாது லா."

மோகனா மறுக்கத்தான் நினைத்தாள். வாயிலிருந்து வேறு வந்தது. "எந்தக் கைலியக் கட்டிக்கிட்டு வரட்டும்?"

ரோகினி சிரித்தாள். "கைலியா? குளிக்கவா போறீங்க? நல்ல உடுப்பா மூணு எடுத்துட்டு வாங்க."

ரெம்பாவ் பசார் மாலாம் இரவுச் சந்தையில் வாங்கிய ஊதாப்பூ பாத்தேக் கைலி ஒன்று மடிப்புக் கலையாமல் அலமாரியில் இருந்தது. வேலை முடிந்து, மருந்து வாடை போகக் குளித்து, பழைய கைலியை மார்புக்கு மேலே ஏற்றிக் கட்டிக்கொண்டு பின்வாசல் படியில் கோப்பியோடு உட்காரும் நேரம் மட்டும் மோகனாவைக் கூப்பிட யாரும் இருக்க மாட்டார்கள். அதனால்தான் கைலி என்றாள். இதை எப்படிப் போனில் சொல்வது? "சரி" என்று வைத்துவிட்டாள்.

கல்யாணப் பட்டை எடுத்தாள். ரவிக்கை முழங்கையைத் தாண்டவில்லை. இழுத்தபோது அக்குளில் கிழிந்தது. அடுத்தது நைட்டி. போட்டுப் பார்த்து, படம் எடுத்து ரோகினிக்கு அனுப்பினாள். "சின்னம்மா, துணி காயப்போட வர்ற மாதிரி இருக்கு" என்று பதில் வந்தது. ரோகினியே ஒரு கறுப்பு லேஸ் உடுப்பின் படத்தைப் போனில் தேடி அனுப்பி, இதை வாங்குங்கள் என்றாள்.

அங்கேதான் மோகனா தப்புச் செய்தாள். பார்சல்காரர்கள் தோட்டத்துக்குள் வருவதில்லை. வாசலில் காவல்காரர் இருக்கும் ஜாகாக் கொட்டகையோடு திரும்பிவிடுவார்கள். அவர்களுக்குத் தெரிந்தது பக்கத்து வீட்டு ராக்கம்மாவின் நம்பர் மட்டும். எனவே லயத்து வீடுகளில் யார் எதை வாங்கினாலும் ராக்கம்மா பேரில்தான் வரும். உடைந்திருக்கிறதா என்று பார்க்க அவளே எல்லாவற்றையும் பிரிப்பாள். ஆர்டர் போடும்போது மோகனா பழக்கத்தில் ராக்கம்மா பேரையே போட்டிருந்தாள்.

ராக்கம்மா அதைக் கொட்டகையிலேயே பிரித்து, வெளிச்சத்தில் விரித்துப் பிடித்தாளாம்.

"ஏம் புள்ள, கொசுவலையா வாங்கின?" என்று கொண்டுவந்து கொடுத்தாள். "ஓட்டை பெருசா இருக்கே. கொசு குடும்பத்தோட வரும்."

"அக்கா, குடுங்க இப்படி."

"எந்தப் பக்கம் தலை நொழையிறது?"

மோகனா கதவைச் சாத்தினாள். எக்ஸ்எல் என்று போட்டிருந்தது. தொடையிலேயே நின்றுவிட்டது.

தர்மேந்திரன் லோரியை நிறுத்திவிட்டு வந்தபோது கட்டில் முழுக்கத் துணி கிடந்தது.

"எங்க போறே?"

"ரோகினி போட்டோ எடுக்கணும்னு சொன்னா."

"எதுக்கு? ஐசி தொலைஞ்சுபோச்சா?"

மோகனா துணிகளை ஒவ்வொன்றாக அலமாரிக்குள் திணித்தாள்.

ஞாயிற்றுக்கிழமை சிரம்பானுக்குப் பஸ் ஏறினாள். பையில் கிழிந்த ரவிக்கையோடு பட்டு, நைட்டி, லேஸ். அடியில், உடை மாற்றும்போது மறைத்துக்கொள்ள, அந்தப் புதுக் கைலி.

ஸ்டூடியோவில் வெள்ளை விரிப்புப் போட்ட பெரிய கட்டில் இருந்தது. யாரும் படுத்து எழுந்த கட்டிலாகத் தெரியவில்லை. ஷாமினி பையில் இருந்ததை எல்லாம் பார்த்துவிட்டு, ஸ்டூடியோவின் சிவப்பு கவுன் ஒன்றைக் கொடுத்தாள். கையில்லாதது. மோகனா மாற்றிக்கொண்டு வந்து கட்டிலில் உட்கார்ந்தாள்.

ஷாமினி கேமராவை இறக்கினாள். "ஆன்ட்டி, கைக்கு என்னாச்சு? கிளவ்ஸ் போட்ட மாதிரி இருக்கு."

"வெயில்."

"கையப் பின்னால வெச்சுக்குங்க. இல்ல, அப்பவும் கழுத்துல கோடு தெரியுது." ரோகினியைப் பார்த்தாள். "அந்தச் சட்டையே போட்டுறலாம்."

ரோகினி ஒரு பையைத் திறந்தாள். தேய்த்து மடித்த வெள்ளை முழுக்கைச் சட்டை. கோயிலுக்குப் போட தர்மேந்திரன் வைத்திருந்தது.

"சித்தப்பாகிட்டக் கேட்டு நானே வாங்கி வெச்சேன் சின்னம்மா. சர்ப்ரைஸ்."

"எல்லாருக்கும் ஹஸ்பண்ட் சட்டைதான் சூப்பரா வரும் ஆன்ட்டி" என்றாள் ஷாமினி. "கை மூடிரும், கழுத்தும் மூடிரும். செக்ஸியா இருக்கும்."

மோகனா சட்டையையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"இதப் போட்டுக்கிட்டு என்ன செய்யட்டும்? கட்டிலுக்கு மருந்து அடிக்கட்டா?"

ரோகினிக்குச் சிரிப்பு வந்தது. சின்னம்மாவின் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள்.

"தெனம் இதத்தான் போடுறேன். இதுக்குள்ள இருக்கிறத எடுக்கத்தான வரச் சொன்னே?"

உடைமாற்றும் அறைக்குள் போய்த் தாழ் போட்டாள். கவுனின் கொக்கி முதுகில் மாட்டிக்கொண்டு வரவில்லை. கையை வளைத்துப் போராடினாள். போய்விடலாம் என்று தோன்றியது. போனால் திரும்ப யார் கூப்பிடப் போகிறார்கள்? கைலியைத் தலைவழியே போட்டு, விளிம்பைப் பல்லில் கடித்துக்கொண்டு, உள்ளே கவுனைக் கழற்றினாள். கைலியை மார்பில் ஏற்றி இறுக்கி முடிந்துகொண்டு கதவைத் திறந்தாள்.

"இதான். இல்லன்னா நான் பஸ்ஸுக்குப் போறேன்."

"ரொம்ப வீடு மாதிரி இருக்கும் ஆன்ட்டி."

"படுக்கையறைன்னு சொன்னீங்களே. அது எங்க இருக்கு, வீட்டுலதான?"

ஷாமினி பெருமூச்சு விட்டுக் கேமராவை எடுத்தாள். மோகனா கட்டில் ஓரத்தில், பின்வாசல் படியில் உட்காருவதுபோல, கைகளை முழங்காலில் போட்டு உட்கார்ந்தாள். நிறையப் படங்கள் எடுத்தார்கள்.

அந்த வாரமே படங்கள் போனுக்கு வந்தன. ஊதாப்பூ நன்றாக விழுந்திருந்தது. முகம் மாநிறமாக, தோள் மாநிறமாக, கைகளும் மாநிறமாக இருந்தன. நகத்தில் மருந்துக் கறை இல்லை. மோகனா பெரிதாக்கிப் பார்த்தாள். எந்தப் படத்திலும் கோடு இல்லை. உடனே ரோகினியைக் கூப்பிட்டாள்.

"இது யாரு கை?"

"உங்களதுதான் சின்னம்மா. கலர் மட்டும் சரி பண்ணியிருக்காங்க. எல்லாரும் அழிக்கத்தான் சொல்வாங்க."

"நான் சொன்னேனா? அழிக்காதத அனுப்பு."

"அதையெல்லாம் டிலீட் பண்ணிட்டாங்க. எடம் பத்தலையாம். லைட்டு பாக்க மொதல்ல என் போன்ல ஒண்ணு எடுத்தாங்க. அது மட்டும் இருக்கு. ஆனா அது கெட்டுப்போன படம்."

"அனுப்பு."

மறுநாள் காலை ஆள் எண்ணும் பிரட்டில் மேலாள் மண்டோர் பேர் கூப்பிட்டுக்கொண்டிருந்தபோது படம் வந்தது. மோகனா பம்பைக் கீழே வைத்துவிட்டுப் பார்த்தாள். கைலி முடிச்சை இறுக்கிக்கொண்டிருக்கிறாள். வெளுத்த மார்பின் மேல் இரண்டு கறுத்த கைகள். மணிக்கட்டில் கோடு, கழுத்தில் கோடு. கண் மட்டும் பாதி மூடியிருந்தது.

"சே" என்றாள். "ஒண்ணையாவது ஒழுங்கா எடுத்தாளா."

"என்னா புள்ள?" என்று ராக்கம்மா எட்டிப் பார்த்தாள்.

"என் போட்டோ."

ராக்கம்மா போனை வாங்கி, வெளிச்சத்தில் பிடித்து வெகுநேரம் பார்த்தாள். தான் போட்டிருந்த சட்டைக் கையின் பொத்தானைக் கழற்றி, சற்று மேலே இழுத்துவிட்டு, தன் மணிக்கட்டையும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"கண்ணு மூடியிருக்கே" என்றாள்.

"தெரியுது லா" என்று மோகனா வெடுக்கென்று போனைப் பிடுங்கிப் பையில் போட்டாள். பம்பைத் தூக்கி முதுகில் மாட்டினாள்.