கண்டக்டர் எழுதிய பதினேழு கடிதங்கள்

நாடாளுமன்றக் கட்டடத்தில் எங்கள் கட்சி உறுப்பினர் குழுவுக்கு ஒதுக்கிய அறையில் ஓர் இரும்பு அலமாரி உண்டு. அதற்குள் குழுவின் நடவடிக்கைப் புத்தகம் இருக்கிறது. அந்த ஆண்டுத் தலைவர் தேர்தலைப் பற்றி அதில் ஒரே வரிதான்: வக்கீல் ஏகமனதாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். யார் எதிர்த்து நின்றார்கள், யாருக்கு எத்தனை ஓட்டு, ஒன்றும் கிடையாது. முடிவு வந்தவுடன் தோற்றவர்களே எழுந்து ஜெயித்தவர் பெயரை முன்மொழிய வேண்டும், சீட்டுகளைக் கிழித்துக் கூடையில் போட வேண்டும் என்பது எங்கள் குழுவின் வழக்கம். அறைக்குள் எப்படி அடித்துக்கொண்டாலும் கதவைத் திறக்கும்போது ஒரே மனமாக இருக்க வேண்டுமாம். அந்த வழக்கத்துக்குள் என் தங்கை கணவர் காணாமல் போய்விட்டார். அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். நாலாம் வகுப்புக்கு மேல் நான் பள்ளிக்கூட வாசலை மிதித்ததில்லை. பதினெட்டு வயதில் ஒரே முதுகில் இரண்டு மூட்டை தூக்கியவன். முப்பத்தைந்தில் ஆறு லாரிக்குச் சொந்தக்காரன். ஐம்பதில் நாடாளுமன்ற உறுப்பினர். அதற்குப் பிறகு பதினான்கு ஆண்டு கொறடா. கொறடா என்றால், அவையில் ஓட்டெடுப்பு மணி அடித்ததும் கட்சிக்காரர்கள் அத்தனை பேரையும் கழிப்பறையில் இருந்தாலும் இழுத்து வந்து உட்கார வைப்பவன். யார் நம் பக்கம், யார் நழுவுவார் என்று முன்கூட்டியே எண்ணிச் சொல்பவன். பட்டம் வாங்கியவர்கள் கணக்கு தவறும். என் கணக்கு தவறாது. ஒரே ஒரு முறை தவறியது.

என் கணக்குக்கு ஒரு சூத்திரம் உண்டு. ஆதரவு கேட்டுப் போனால், முகத்தைச் சுளித்து நாலு குறை சொல்லிவிட்டு, "சரி, பார்க்கிறேன்" என்பவர் ஓட்டுப் போடுவார். கையைப் பிடித்துக்கொண்டு சிரிப்பவர் போடமாட்டார். "உங்களுக்கு இல்லாததா?" என்று சிரித்தால் அந்தப் பெயரை அங்கேயே அடித்துவிட வேண்டும். குழுவில் எல்லோருக்கும் இந்தச் சூத்திரம் தெரியும். நான்தான் சொல்லிக்கொண்டு திரிந்தேனே.

என் தங்கை கணவருக்குக் கண்டக்டர் என்று பெயர். இருபத்திரண்டு ஆண்டு பேருந்தில் விசில் ஊதியவர். தொழிற்சங்கத்தில் சேர்ந்து, அங்கிருந்து கட்சிக்கு வந்து, எனக்கு ஐந்து ஆண்டு முன்பே நாடாளுமன்றம் போனவர். அவையிலும் பழக்கம் போகவில்லை. உட்காரும் முன் வரிசையில் எத்தனை தலை என்று உதடு அசைத்து எண்ணுவார். கூட்டம் முடிந்தால் "ரைட், போகலாம்" என்பார். வாசலை மறித்து நிற்கும் அமைச்சர்களைக்கூட, "உள்ள இடம் இருக்கு, முன்னாடி போங்க சார்" என்று தள்ளிவிடுவார். அவர்களும் சிரித்துக்கொண்டே போவார்கள். டிக்கெட் எடுக்காதவனை முகத்தைப் பார்த்தே பிடித்துவிடுவேன் என்பது அவருடைய பெருமை. எனக்கு என் கணக்கு எப்படியோ, அவருக்கு அது.

பழைய தலைவர் உடம்பு முடியாமல் விலகினார். மூன்று பேர் போட்டிக்கு வந்தார்கள். ஒருவர் வக்கீல், பேச்சும் செல்வாக்கும் உள்ளவர். இன்னொருவர் டாக்டர், அப்போதுதான் வந்த புதியவர். மூன்றாவது எங்கள் கண்டக்டர். பதவிக்கு அலையாத மனிதர். ஆனால் இது ஒன்றை மட்டும் ஆசைப்பட்டுக் கேட்டார்.

"மச்சான், ஒரு தடவை முன் சீட்டுல உட்கார்ந்து பார்க்கணும். வாழ்நாள் பூரா நின்னுக்கிட்டே வந்தவன் நான்."

"உட்காரத்தான் போறீங்க மாப்பிள்ளை. கொறடா நான் இருக்கேன். வேற யாரு இருக்கணும்?" என்றேன்.

விதி எளிது. எங்கள் குழுவில் அறுபத்தொரு பேர். பாதிக்கு மேல் யாருக்கும் வராவிட்டால் கடைசியாக வந்தவர் விலக வேண்டும், மீதி இருவருக்கும் மறு ஓட்டு. கடைசி இடத்தில் இருவர் சமமாக வந்தால் பழைய உறுப்பினர் நிற்பார், புதியவர் விலகுவார். டாக்டரின் ஆட்களுக்கு வக்கீலைக் கண்டால் ஆகாது. ஆக, டாக்டரை முந்தினாலும் சரி, சமமாக நின்றாலும் சரி, மறு சுற்றில் அந்த ஓட்டெல்லாம் மாப்பிள்ளைக்கே வரும். முதல் சுற்றைத் தாண்டினால் தலைவர் அவர்தான்.

மூன்று வாரம் அறை அறையாகப் போய் எண்ணினேன். மாப்பிள்ளைக்கு இருபத்திரண்டு, என்னையும் சேர்த்து. அதில் டீச்சரம்மா இல்லை. பள்ளித் தலைமை ஆசிரியையாக இருந்து வந்த உறுப்பினர் அவர். நானும் மாப்பிள்ளையும் கேட்கப் போனபோது மாப்பிள்ளையின் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"என் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்களை மழையில விடாம ஏத்திக்கிட்டு வந்தவர் நீங்க. உங்களுக்குப் போடாம?"

வெளியே வந்ததும் அவர் பெயரை அடித்தேன். மாப்பிள்ளை தயங்கினார்.

"அந்தம்மா அப்படி இல்லே மச்சான்."

"சிரிச்சாங்களா இல்லையா?"

"சிரிச்சாங்க."

"அப்போ இல்லே."

அதோடு விட்டிருந்தாலும் பரவாயில்லை. கொறடா தன் எண்ணிக்கையை வாய்விட்டுச் சொல்லக் கூடாது. கள்ளன்கூடத் தன் மூட்டையைச் சந்தையில் அவிழ்க்கமாட்டான். நான் அவிழ்த்தேன். உணவகத்தில் நாலு மேசைக்குக் கேட்கிறாற்போல, "எங்க மாப்பிள்ளைக்கு இருபத்திரண்டு, கல்லு மாதிரி. எழுதி வச்சுக்கங்க" என்றேன். எங்கள் ஆட்கள் மேசையைத் தட்டினார்கள். நுணலும் தன் வாயால் கெடும் என்று படிக்காத எனக்கும் தெரியும். தெரிந்து என்ன?

தேர்தலுக்கு முந்தின நாள் வக்கீல் என்னைத் தம் அறைக்குக் கூப்பிட்டார். கொறடாவை நியமிப்பவர் தலைவர்தான். தாம் ஜெயித்தாலும் அந்த நாற்காலி எனக்கே என்றார்.

"கண்டக்டர்தான் எப்படியும் அடுத்த சுத்துக்குப் போறாரே அண்ணே, நீங்களே இருபத்திரண்டுன்னு சொன்னீங்க. முதல் சுத்துல உங்க ஒரு ஓட்டு எனக்கு வந்தா மரியாதையா இருக்கும். அப்புறம் அவருக்கே போடுங்க. யார் வேண்டாம்னா?"

இருபத்திரண்டில் ஒன்று போனால் இருபத்தொன்று. டாக்டருக்குப் பதினெட்டைத் தாண்டாது. மாப்பிள்ளைக்கு நஷ்டமில்லை, எனக்கு நாற்காலி. மூட்டை தூக்கியவனுக்கு இந்தக் கணக்குப் பளிச்சென்று விளங்கியது. சரி என்றேன்.

மறுநாள் காலை, கதவைச் சாத்தினார்கள். யார் பக்கத்தில் யார் உட்கார வேண்டும் என்று நான்தான் ஏற்பாடு செய்வது வழக்கம். நழுவக்கூடியவர் பக்கத்தில் நம்பிக்கையான ஆளை உட்கார வைப்பேன். நழுவக்கூடியவர் மடிக்கும் முன் தம் சீட்டைச் சற்றே அந்த ஆள் பக்கம் திருப்ப வேண்டும். வெளியே பார்த்தால் ரகசிய ஓட்டு. அந்த ஏற்பாடு என் கண்டுபிடிப்பு. அன்று என் பக்கத்து நாற்காலியில் வக்கீலின் ஆள் வந்து உட்கார்ந்தார். நான் எழுதினேன். திருப்பினேன். மடித்தேன். எதிர் வரிசையிலிருந்து மாப்பிள்ளை என்னைப் பார்த்துத் தலையாட்டினார். நானும் சிரித்தேன்.

மூத்த உறுப்பினர் ஒவ்வொரு சீட்டாகப் பிரித்து உரக்கப் படித்தார். மாப்பிள்ளை உதடு அசைத்து எண்ணிக்கொண்டே இருந்தார். பத்து, பதினொன்று. பதினேழில் அவர் உதடு நின்றது. பிறகு அசையவே இல்லை.

வக்கீல் இருபத்தாறு. டாக்டர் பதினெட்டு. கண்டக்டர் பதினேழு.

என் ஓட்டு விழுந்திருந்தால் பதினெட்டு. டாக்டரோடு சமம். பழையவர் நிற்பார்.

மாப்பிள்ளை இல்லாத மறு சுற்றில் வக்கீல் சுலபமாக ஜெயித்தார். வழக்கப்படி தோற்றவர் எழுந்து பேச வேண்டும். மாப்பிள்ளை எழுந்தார், மேசை ஓரத்தைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாரும் ஏறியாச்சு. வண்டி புறப்படலாம். வக்கீல் அவர்களையே ஏகமனதா நான் முன்மொழியறேன். ரைட்."

எல்லோரும் கைதட்டினார்கள். அவரும் தட்டினார். கூடையில் கிழித்துப் போட்ட சீட்டுகளில் என் கையெழுத்தும் கிடந்தது.

நடந்தது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. என்னைப் போலவே இன்னும் ஐந்து பேர் கணக்குப் போட்டிருந்தார்கள். ஒருவர் என்னிடமே சொன்னார்: "நீங்கதானே அண்ணே கல்லு மாதிரி இருபத்திரண்டுன்னீங்க? நான் ஒருத்தன் மாத்திப் போட்டா என்ன ஆகப்போகுதுன்னு நினைச்சேன்." இருபத்திரண்டில் ஆறு போனால் பதினாறு. பதினேழாவது ஓட்டு யாருடையது என்று யோசிக்க எனக்கு அதிக நேரம் ஆகவில்லை. டீச்சரம்மா.

மாப்பிள்ளையும் எண்ணினார். அவருக்கு அவர் வழி. அந்த வாரம் தாழ்வாரத்தில் ஒவ்வொரு முகமாகப் பார்த்தார். தம்மைக் கண்டதும் கண்ணைத் திருப்பிக்கொண்ட ஐந்து பேரையும் பிடித்துவிட்டார். இருபத்திரண்டில் ஐந்து போக மீதி பதினேழு. கணக்கு சரியாக உட்கார்ந்துவிட்டது, டீச்சரம்மாவுக்கு அதில் இடமில்லை. வாழ்நாளில் டிக்கெட் இல்லாத ஒரே ஒரு பயணியை மட்டும் அவர் பிடிக்கவில்லை. அந்தப் பயணி அவர் வீட்டிலேயே சாப்பிட்டுக்கொண்டிருந்தான்.

பதினேழு பேருக்கும் தம் கையால் நன்றிக் கடிதம் எழுதினார். எனக்கு வந்தது இது: "மச்சான், மத்த பதினாறு பேரையும் யோசிச்சுத்தான் கண்டுபிடிச்சேன். உங்களை மட்டும் யோசிக்கவே இல்லை."

அதைக் கண்ணாடி போட்டு என் வரவேற்பறையில் மாட்டினேன். வருகிறவர்களுக்குக் காட்டினேன். மாட்டாமல் இருந்தால் சந்தேகம் வருமே என்றுதான் முதலில் மாட்டினேன். நாளாக நாளாக எனக்கே அது நிஜமாகிப்போன மாதிரி இருந்தது.

ஒரு மாதம் கழித்து டீச்சரம்மா என் அறைக்கு வந்தார். உட்காரவில்லை.

"எல்லாருக்கும் கடிதம் வந்திருக்கு. எனக்கு வரலே. எதிர்ல வந்தா கண்டக்டர் வேற பக்கம் பார்க்கிறார். நான் போட்டேன் ஐயா. நீங்க சொன்னா அவர் கேட்பார்."

"நானே சொல்றேம்மா" என்றேன்.

எப்படிச் சொல்வது? டீச்சரம்மாவைப் பதினேழுக்குள் சேர்த்தால் ஒருவரை வெளியே தள்ள வேண்டும். மாப்பிள்ளை உடனே அது யார் என்று எண்ணத் தொடங்கிவிடுவார். நாளை சொல்லலாம் என்று தள்ளினேன். அடுத்த பொதுத் தேர்தலில் வக்கீல் மாப்பிள்ளைக்கு இடம் தரவில்லை. நான் அப்போதும் கொறடா, வாயைத் திறக்கவில்லை. மாப்பிள்ளை வீட்டோடு இருந்தார். காலையில் பேருந்து நிறுத்தம்வரை நடந்துபோய், ஏறுகிறவர்களை எண்ணிவிட்டுத் திரும்பி வருவார். ஆறு ஆண்டு அப்படி. ஒரு நாள் அங்கேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். எழுந்திருக்கவில்லை.

துக்கம் கேட்க எல்லோரும் வந்தார்கள். வக்கீல் வந்து ஐந்து நிமிடம் தலைகுனிந்து நின்றார். என் தங்கை அவருக்கு நாற்காலி போட்டாள். மூன்றாம் நாள் மத்தியானம் டீச்சரம்மா வந்தார். கையில் கைத்தடி, மூச்சு வாங்கியது. என் தங்கை முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"இப்படித் திரும்பு பாப்பா, வந்தவங்களைக் கவனி" என்றேன்.

"எதுக்கு அண்ணே? அவர் இருக்கிறப்போ கையைப் பிடிச்சுச் சிரிச்சதே போதும். இவங்க ஒருத்தர் போட்டிருந்தா அவர் முன் சீட்டுல உட்கார்ந்திருப்பார். சாகிறவரைக்கும் அதைத்தான் சொல்லிட்டிருந்தார்."

டீச்சரம்மா வாசலில் நின்றபடி என்னைப் பார்த்தார். அந்தம்மாவுக்கு என்னைப் பற்றித் தெரியாது. நான் சொல்லியிருப்பேன், கண்டக்டர்தான் நம்பவில்லை என்று நினைத்துக்கொண்டிருந்தார். இப்போதும் நான் சாட்சி சொல்வேன் என்றுதான் பார்த்தார். இரண்டு மூட்டை தூக்கிய முதுகு எனக்கு. அந்தப் பார்வையைத் தூக்க முடியவில்லை.

"பாப்பா, இந்தம்மா போட்டாங்க. நான்தான் போடலே."

வீட்டில் பத்துப் பேர் இருந்தார்கள். யாரோ டம்ளரைக் கீழே வைத்த சத்தம் கேட்டது. நான் முழுக்கச் சொன்னேன். இருபத்திரண்டு, நாற்காலி, பக்கத்து இருக்கை, எல்லாம். தங்கை என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அவள் எழுந்து போய் நாற்காலியைக் கொண்டுவந்து டீச்சரம்மாவுக்குப் போட்டாள். பிறகு என் பக்கம் திரும்பாமலே சொன்னாள்:

"அவர் எழுதின கடிதம் உங்க வீட்டுல இருக்கு. அது உங்களுக்கு வந்தது இல்லே. கொண்டாங்க."

அண்ணே என்று சொல்லவில்லை.

நான் நடந்தே வீட்டுக்குப் போனேன். சட்டத்தோடு கழற்றிக் கொண்டுவந்து கொடுத்தேன். தங்கை கண்ணாடியைப் பிரித்து, காகிதத்தை மட்டும் எடுத்து டீச்சரம்மாவின் மடியில் வைத்தாள். "மச்சான்" என்று தொடங்கும் கடிதம். டீச்சரம்மா மூக்குக்கண்ணாடியைப் போட்டுக்கொண்டு படித்தார். படித்துவிட்டு, வகுப்பில் பிள்ளைகளின் நோட்டை மூடுவதுபோல மெதுவாக மடித்தார். "இவ்வளவு அழகா எழுதுவாரா?" என்று கேட்டார். தங்கை அவர் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு அப்போதுதான் அழுதாள்.

என்னை யாரும் போகச் சொல்லவில்லை. இருக்கவும் சொல்லவில்லை. காலியான சட்டத்தை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

நடவடிக்கைப் புத்தகத்தில் இனி யாரும் எதையும் மாற்றமாட்டார்கள். ஆகவே நான் இங்கே எழுதிவைக்கிறேன்: அந்த ஆண்டு எங்கள் குழுவில் ஏகமனதாக யாரும் தேர்ந்தெடுக்கப்படவில்லை. கண்டக்டர் என்று ஒருவர் நின்றார். அவருக்குப் பதினேழு பேர் ஓட்டுப் போட்டார்கள். அந்தப் பதினேழு பேரில் நான் இல்லை.