மூன்று தடவை கேட்பவள்

என் மனைவிக்கு மருந்துக்கடையில் வேலை. இருபத்தாறு வருஷமாக ஒரே கடை, ஒரே மேசை. மருந்தை அலமாரியிலிருந்து எடுக்கும்போது ஒரு தடவை பேரைப் படிப்பாள். எண்ணி உறையில் போடும்போது இன்னொரு தடவை. மிச்சத்தைத் திரும்ப வைக்கும்போது மூன்றாவது தடவை. கடைக்கு வருகிறவர்கள் அவளுக்கு வைத்த பேர் 'மூணு தடவை அக்கா'. "தலைவலி மாத்திரைதானே கேட்டேன், அதுக்கு எதுக்குக்கா இவ்வளவு ஆராய்ச்சி?" என்று அவசரக்காரர்கள் கத்துவார்கள். அவள் நிமிர்ந்துகூடப் பார்க்க மாட்டாள். "தலைவலி போகணுமா, தலையே போகணுமா? நில்லுங்க" என்பாள்.

அந்தப் புத்தி வீட்டிலும் உண்டு. "கேஸை மூடினீங்களா?" என்று மூன்று தடவை கேட்காமல் அவள் வாசலைத் தாண்டியதில்லை. "மூடினேன், மூடினேன், மூடினேன். மூணும் ஆச்சு, கிளம்பு" என்று ஒரே மூச்சில் சொல்லிப் பார்த்திருக்கிறேன். அதெல்லாம் அவளிடம் செல்லாது.

அவளுக்கு முந்திரி, பாதாம், பிஸ்தா எதுவும் ஆகாது. ஆகாது என்றால் நாலு தும்மலோடு போகிற வகை இல்லை. நாக்கு தடிக்கும், தொண்டை அடைக்கும், மூச்சு நிற்கும். என் அம்மா அதை நம்பவில்லை. "பெரிய ராணி பாரு, முந்திரி ஒத்துக்காதாம்" என்று சொல்லிக்கொண்டே இருந்தவள், ஒரு நாள் சோதித்துப் பார்ப்பதற்காக இரண்டு முந்திரியை அரைத்துக் குழம்பில் கலந்துவிட்டாள். என் மனைவியைத் தோளில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். திரும்பி வந்து அம்மாவைத் திட்டின திட்டு தெருமுனை வரை கேட்டது. அன்றோடு சமையலை நான் எடுத்துக்கொண்டேன். "இனிமே என் கையால குடுக்கிறதை நீ கேக்கவே வேண்டாம். கண்ணை மூடிட்டு சாப்பிடு" என்றேன்.

அப்படியே சாப்பிட்டாள். உலகத்தில் அவள் கேட்காமல் வாயில் வைத்தது என் கைச்சோறு ஒன்றைத்தான். எனக்கு அது பெருமை. இருபத்திரண்டு வருஷப் பெருமை.

வெளியே போனால் மூன்று பேரிடம் கேட்பாள். என்ன வேண்டும் என்று கேட்க வருகிறவரிடம், தட்டைக் கொண்டுவந்து வைக்கிறவரிடம், சமைக்கிறவரிடம். "ஒருத்தருக்குத் தெரியாதது இன்னொருத்தருக்குத் தெரிஞ்சிருக்கும்ல" என்பாள். சின்னக் கடைகளில் இதனால் தொல்லை வந்ததே இல்லை. அடுப்படியில் நிற்கிறவரே, "அக்கா, அதைத் தொடாதீங்க, இதைச் சாப்பிடுங்க" என்று குரல் கொடுத்துவிடுவார்.

தொல்லை என் சகலையால் வந்தது. பாருங்கள், இப்போதுகூடப் பழியை அவர் தலையில் போடப் பார்க்கிறேன். தொல்லை என்னால் வந்தது.

சகலை என்றால் அவள் தங்கையின் கணவர். கட்டட கான்ட்ராக்டர். எப்போது சேர்ந்து சாப்பிட்டாலும் விருந்து அவருடையது, நான் வாயைத் துடைத்துக்கொண்டு எழுந்திருக்கிற ஆள். நான் லிஃப்ட் மெக்கானிக். கையில் கிரீஸ் கறை போகாது, ரோஷத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை. எங்களுடைய இருபத்தைந்தாவது கல்யாண நாளுக்கு அவரையும் அவள் தங்கையையும் நான்தான் கூப்பிடுவேன் என்று மார்தட்டினேன். நகரத்திலேயே பெரிய உணவகம். கதவைத் திறந்துவிட ஒரு ஆள், நாற்காலியை இழுத்துவிட ஒரு ஆள். மதியச் சாப்பாட்டுக்கு ஜன்னலோர மேசை என்று ஒரு வாரம் முன்பே சொல்லி வைத்திருந்தேன்.

கிடைத்தது சமையலறைக் கதவை ஒட்டின மேசை. கதவு ஆடும்போதெல்லாம் பாத்திரச் சத்தமும் சூடும் முகத்தில் அடித்தன. "என்ன சகலை, ஜன்னலோரம்னீங்க, இது அடுப்போரமா இருக்கே?" என்று சிரித்தார் அவர். நானும் சிரித்தேன். உள்ளே பற்றிக்கொண்டு வந்தது. தண்ணீர் வர இருபது நிமிஷம் ஆனது.

பிறகு கோட்டுப் போட்ட ஒருவர் ஆர்டர் எழுதும் சீட்டோடு வந்தார். என் மனைவி தெளிவாகச் சொன்னாள். "எனக்கு முந்திரி, பாதாம், பிஸ்தா எதுவும் ஆகாது. மேலே போடுறதும் கூடாது, அரைச்சுச் சேர்க்கிறதும் கூடாது. தெரியாம உள்ளே போனா உயிருக்கே ஆபத்து."

அவள் முடிப்பதற்குள் அவர் புன்னகைத்துவிட்டார். "கவலையே படாதீங்க மேடம், நாங்க பாத்துக்கறோம்."

"சமையல்காரரை ஒரு வார்த்தை கேட்டுட்டு வர்றீங்களா?"

"அவங்களுக்கு எல்லாம் தெரியும் மேடம்." போனவர் போனவர்தான்.

அதற்கப்புறம் நாற்பது நிமிஷம். எங்களுக்குப் பின்னால் வந்தவர்கள் சாப்பிட்டு முடித்துக் கை துடைத்தார்கள். சகலை கடிகாரத்தைப் பார்த்தார். "அடுத்த கல்யாண நாளுக்குள்ள வந்துடும்ல?" என்றார். என் காது இரண்டும் சுட்டன.

கடைசியில் வேறொரு பரிசாரகர் தட்டுகளோடு வந்தார். வெள்ளி மூடிகளை ஒவ்வொன்றாகத் திறந்தார். என் மனைவியின் தட்டில் வேகவைத்த காய்கறி, மேலே கெட்டியாக வெள்ளைக் குழம்பு. அவள் நிமிர்ந்து அந்த ஆளைப் பார்த்தாள். கேட்க வாயைத் திறந்தாள்.

நான் மேசைக்கடியில் அவள் காலை மிதித்தேன். "ஏற்கெனவே சொல்லியாச்சுல்ல? ஒரு நாளாவது என் மானத்தை வாங்காம சாப்பிடேன்" என்றேன். மெதுவாகத்தான் சொன்னேன். ஆனால் பல்லைக் கடித்துச் சொன்னேன்.

அவள் என்னைப் பார்த்தாள். வாயை மூடிக்கொண்டாள். அந்தப் பரிசாரகர் ஒரு கணம் நின்று பார்த்துவிட்டுப் போனார். அவள் கரண்டியை எடுத்தாள்.

மூன்றாவது வாய். கரண்டியைக் கீழே வைத்தாள். "என்னங்க, தொண்டை" என்றாள். உதடு அதற்குள் தடித்திருந்தது.

பையில் எப்போதும் இதற்கான ஊசி வைத்திருப்பாள். எடுத்து என்னிடம் நீட்டினாள். நான் மூடியைப் பிடுங்கப் போனேன். "பேரைப் படிங்க" என்றாள்.

"ஐயோ, இப்பவுமா?"

"படிங்க." படித்தேன். "தேதி." படித்தேன். அவள் குரல் விசிலாக வந்தது. "தொடையில. துணியோட சேர்த்துக் குத்துங்க." குத்தினேன். அவள் தங்கை அழுதுகொண்டே அவளைத் தரையில் படுக்கவைத்தாள்.

கோட்டுக்காரர் ஓடிவந்தார். "சார், மத்தவங்க சாப்பிட்டுட்டு இருக்காங்க. பக்கத்துல ரூம் இருக்கு, அங்க கொஞ்சம் கூட்டிட்டுப் போயிடலாமா?" என்றார். சகலை நாற்காலி கவிழ எழுந்தார். "ரூமாம் ரூம்! ஆம்புலன்ஸைக் கூப்பிடுய்யா முதல்ல!" அந்த மனுஷனைப் பற்றி நான் இத்தனை நாள் நினைத்ததற்கெல்லாம் அங்கேயே வெட்கப்பட்டேன்.

ஆம்புலன்ஸ் வருவதற்குள் கோட்டுக்காரரின் சட்டையைப் பிடித்துச் சீட்டைக் காட்டச் சொன்னேன். அதில் இருந்தது மூன்றே வார்த்தை. 'முந்திரி தூவ வேண்டாம்.' அவள் உயிருக்கு ஆபத்து என்றதை அந்த ஆள் அலங்கார விஷயமாக எழுதி அனுப்பியிருந்தார். அடிக்கவே கை ஓங்கினேன்.

தட்டு கொண்டுவந்தவர் குறுக்கே வந்தார். முகம் வெளுத்திருந்தது. "சார், எங்கிட்ட யாரும் சொல்லலை சார். அந்தக் குழம்பே முந்திரி அரைச்சதுதான். மேடம் என்னமோ கேக்க வந்தாங்க, நானும் நின்னேன். கேட்டிருந்தா சொல்லிருப்பேனே சார்."

ஓங்கின கை தானாக இறங்கிவிட்டது.

இரண்டு நாள் ஆஸ்பத்திரியில் இருந்தாள். முதல் நாள் பிழைப்பாளா என்பதற்கே டாக்டர் சரியான பதில் சொல்லவில்லை. வராந்தாவில் உட்கார்ந்திருந்தபோது போனில் ஒரு செய்தி வந்தது. 'எங்களிடம் உணவருந்தியதற்கு நன்றி. உங்கள் அனுபவத்துக்கு எத்தனை நட்சத்திரம் தருவீர்கள்?' பாவிகளா என்று தொடங்கி எல்லாவற்றையும் எழுதினேன். மேசை, தண்ணீர், சீட்டு, ரூம், ஒன்றையும் விடவில்லை. நான் காலை மிதித்ததை மட்டும் எழுதவில்லை.

மறுநாள் அவர்களுடைய மேலாளர் கூப்பிட்டார். வருத்தம் தெரிவித்தார், இன்னொரு முறை குடும்பத்தோடு வந்து இலவசமாகச் சாப்பிட வேண்டும் என்றார். அட கடவுளே, மறுபடி சாப்பிடவாம்! பிறகு குரலைத் தாழ்த்தி, "தப்பா நினைக்காதீங்க சார், மேடம் ஒரு தடவைதான் சொன்னாங்கன்னு எங்க ஆளு சொல்றார்" என்றார்.

என் மனைவி வாழ்க்கையில் எதையும் ஒரு தடவையோடு விட்டதில்லை என்று கத்த வாயெடுத்தேன். போனை வைத்துவிட்டேன். லிஃப்டின் கயிறு நன்றாக இருக்கிறது என்று எவன் சத்தியம் செய்தாலும், நானே தொட்டுப் பார்க்காமல் ஒரு ஆளை ஏற விடமாட்டேன். என் பிழைப்பே அதுதான். அவளை மட்டும் ஒருவருடைய புன்னகையை நம்பி ஏற்றிவிட்டேன்.

வீட்டுக்கு வந்தாள். திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் தேவலை. ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்திருந்தாள்.

கஞ்சி வைத்து ஆற்றி எடுத்துக்கொண்டு போனேன். எழுந்து உட்கார்ந்து கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கினாள். உடனே குடிக்கவில்லை.

"இதுல என்ன போட்டிருக்கீங்க?" என்றாள்.

கோபமே இல்லை. கடைக்கு வருகிறவர்களிடம் பேசுகிற அதே குரல்.

"அரிசி, உப்பு, தண்ணி. அவ்வளவுதான்."

கரண்டியால் அடிவரைக்கும் கிளறிப் பார்த்தாள். "அரைச்சு எதுவும் சேர்க்கலையே?"

"இல்லம்மா."

ஒரு கரண்டி எடுத்து வாய் வரைக்கும் கொண்டுபோனவள் நிறுத்தினாள். என் முகத்தைப் பார்த்தாள்.

"வேற ஒண்ணும் இல்லையே?"

"இல்லை" என்றேன். அதற்குப் பிறகுதான் சாப்பிட்டாள்.