அம்மா ஏறிய ஏணி

"மொதல்ல நீங்க ஏறுங்க. அப்புறம் நான் வாங்குறேன்."

கடலூர் மஞ்சக்குப்பத்தில் ஒரு இரும்புச் சாமான் கடைக்காரரிடம் அம்மா இப்படிச் சொன்னபோது, நான் கல்லூரியில் முதலாம் ஆண்டு படித்துக்கொண்டிருந்தேன். தெரிந்தவர்கள் யாராவது பார்க்கிறார்களா என்று தெருவைத் திரும்பிப் பார்த்தேன். கடைக்காரர் அம்மாவை மேலும் கீழும் பார்த்துவிட்டு, "ஏம்மா, நான் ஏணி விக்கிறவன், சர்க்கஸ்காரன் இல்ல" என்றார். "விக்கிற நீங்களே ஏற மாட்டேன்றீங்க. வாங்குறவ எந்த தைரியத்துல ஏறுவா?" என்று கேட்டுவிட்டு அம்மா இறங்கி நடந்தாள். அடுத்த கடையிலும் அதே கேள்வி, அதே பதில். மூன்றாவதாகத் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு கடை. அதன் முதலாளி நல்ல பருமன். அம்மா சொன்னதைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார். பிறகு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, சுவரில் சாய்த்த அலுமினிய ஏணியில் ஆறு படி ஏறி நின்றார். "போதுமா தாயி?" என்றார். "இன்னும் ஒரு படி" என்றாள் அம்மா. அதையும் ஏறினார். ஏணி முனகக்கூட இல்லை.

அம்மா ஒரு தனியார் மருத்துவமனையில் பெருக்கித் துடைக்கும் வேலையில் பல வருடம் இருந்தவள். இரண்டாயிரத்து எட்டில் அந்தக் கட்டடத்தின் முகப்பு முழுவதையும் கண்ணாடியாக மாற்றினார்கள். அதைத் துடைக்கச் சென்னையிலிருந்து மாதம் ஒருமுறை ஆட்கள் வருவார்கள். துடைப்பத்தைக் கையில் பிடித்தபடி அம்மா அவர்களைப் பார்த்துக்கொண்டே இருப்பாளாம். ஒருநாள் வீட்டுக்கு வந்து, "துடைக்கிறது நமக்குத் தெரியாத வேலையா? ஒசரம் மட்டுந்தானே புதுசு" என்றாள். அடுத்த மாதமே வேலையை விட்டு, கண்ணாடி துடைக்கும் தொழிலைச் சொந்தமாகத் தொடங்கினாள். அவளோடு பெருக்கிய இரண்டு அக்காக்களும் அவளை நம்பி வேலையை விட்டுக் கூட வந்தார்கள். அவர்களுடைய கணவன்மாருக்கு இதில் சம்மதமில்லை. பொம்பளைகள் ஏணி ஏறுவதாவது என்று கேட்டார்கள். அந்த இரண்டு வீட்டு வாசலிலும் நின்று அம்மா ஒரே வாக்கைத்தான் கொடுத்தாள். "எப்படி அனுப்புறீங்களோ, அப்படியே கொண்டாந்து வுடுவேன்." அந்த வாக்குதான் அவளை ஒவ்வொரு கடையிலும் அப்படிக் கேட்க வைத்தது என்பது எனக்குப் பிறகுதான் புரிந்தது. ஒருத்தி விழுந்தால் போதும், அம்மாவின் தொழில் அன்றோடு முடிந்துவிடும். அந்த வீட்டு வாசலில் அவள் மறுபடியும் போய் நிற்க முடியாது.

எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். அம்மாவுக்கும் அப்பாவுக்கும் எழுத்து தெரியாது. ஆகவே ஏணியில் ஒட்டியிருந்த சீட்டைப் படிக்கும் பொறுப்பு எனக்கு. அந்த மூன்றாவது கடையில் ஒரு ஏணி நூறு கிலோ தாங்கும், இன்னொன்று நூற்றைம்பது கிலோ தாங்கும் என்று படித்துச் சொன்னேன். நூறு போதும் என்பது என் எண்ணம். அம்மா கடைக்காரரிடம் ஒரு வாளியை இரவல் வாங்கினாள். பேருந்து நிலையத்துக்கு என்னை அழைத்துக்கொண்டு போய், குழாயில் வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, காசு போட்டால் விளக்கு சுழலும் எடை இயந்திரத்தின் மேல் வாளியோடு ஏறி நின்றாள். விழுப்புரம் பேருந்துக்குக் காத்திருந்தவர்கள் கூடிவிட்டார்கள். "தண்ணிக்குத் தனி டிக்கெட்டா அக்கா?" என்று ஒருவன் கேட்டான். "அதுக்கும் சேத்துத்தான் காசு போட்டிருக்கேன்" என்றாள் அம்மா. விழுந்த அட்டையைப் படித்தேன். தொண்ணூற்றேழு. "நூறு போதும்னியே. நான் ரெண்டு இட்லி கூடத் தின்னா என்னா ஆகும்?" என்றாள். நூற்றைம்பது கிலோ தாங்கும் ஏணியையே வாங்கினோம். அதன் கால்களில் கெட்டியான ரப்பர் இருந்தது. படிகளில் வரிவரியாகச் சொரசொரப்பு இருந்தது. ஈரக் கையால் ஒவ்வொரு படியையும் தேய்த்துப் பார்த்த பிறகுதான் அம்மா தலையசைத்தாள்.

முதல் வேலை சிதம்பரத்தில் கிடைத்தது. மேலவீதியில் புதிதாகக் கட்டியிருந்த துணிக்கடை. இரண்டு மாடி உயரத்துக்கு முகப்பெல்லாம் கண்ணாடி. வெள்ளிக்கிழமை திறப்பு விழா. வியாழக்கிழமை ஒரே நாளில் துடைத்துக் கொடுக்க வேண்டும் என்பது பேச்சு. அதற்கு இரண்டு ஏணிகள் வேண்டும். புது ஏணியைத் தவிர எங்களிடம் இருந்தது அப்பாவின் சவுக்கு ஏணிதான்.

அப்பா வெள்ளையடிப்பவர். இரண்டு சவுக்குக் கழிகளுக்கு நடுவே படிகள் செருகிய அந்த ஏணியில்தான் அவர் எங்களை வளர்த்தார். எங்களிடம் மாடு கிடையாது. மாட்டுப் பொங்கலன்று தெருவில் எல்லோரும் மாட்டின் கொம்புக்கு வர்ணம் பூசும்போது, அப்பா ஏணிக்குப் பூசுவார். "நமக்குச் சோறு போடுற மாடு இதுதான்" என்பார். வேலையில் மிஞ்சிய எனாமல் பெயிண்டைச் சேர்த்துவைத்து, ஒரு வருடம் மஞ்சள், ஒரு வருடம் சிவப்பு, ஒரு வருடம் நீலம் என்று மினுமினுக்க அடித்து, மாலை போட்டு, பொங்கல் படைப்பார். அம்மாவின் தொழில் அவருக்குப் பிடிக்கவில்லை. இருந்தும் ஏணியைக் கேட்டதும் பெருமையாகிவிட்டது. "உன் அலுமினியத்துக்கு இன்னும் தொப்புள்கொடி விழல. என் ஏணி இருபது வருஷ சர்வீஸ்" என்றார்.

செவ்வாய்க்கிழமை மாலை, புது ஏணியோடு வந்த சிறு புத்தகத்தைப் படித்தேன். ஆங்கிலத்தில் இருந்ததால் அகராதியும் கையுமாகத்தான் படிக்க முடிந்தது. உயரத்தில் நாலில் ஒரு பங்கு தூரம் சுவரைவிட்டு ஏணியின் அடியைத் தள்ளி வைக்க வேண்டும் என்று இருந்ததை அம்மாவுக்குச் சொன்னேன். உடனே அவள் வாசலில் காலடி வைத்து அளந்து பழகினாள். அடுத்த பக்கத்தில் ஒரு வரி. மர ஏணிக்கு வர்ணம் பூசாதீர்கள், பூசினால் உள்ளே இருக்கும் விரிசல் தெரியாது. அந்த வரியை நான் சத்தமாகப் படிக்கவில்லை. முற்றத்துச் சுவரில் நீல நிறத்தில் மின்னிக்கொண்டு நின்ற ஏணியைப் பார்த்தேன். அதன் பக்கத்தில் அப்பா பீடி குடித்துக்கொண்டிருந்தார்.

புதன்கிழமை விடிந்ததும் சொல்லிவிட்டேன். அப்பாவுக்கு முகம் சிவந்தது. "காலேஜுக்குப் போனவ புஸ்தகத்துலயே ஏணி ஏறுறா. நான் தெனம் ஏறுறேண்டி! ஒரு தடவ வுழுந்திருக்கனா?" என்றார். அம்மா என்னைப் பார்த்தாள். "புஸ்தகத்துல அப்படித்தான் போட்டிருக்கா? நல்லாப் படிச்சியா?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். "அப்ப சொரண்டு" என்றாள்.

அப்பா சுவருக்குப் பட்டி பூசும் தகட்டையே எடுத்துச் சுரண்டினேன். நீலத்துக்குக் கீழே சிவப்பு வந்தது. சிவப்புக்குக் கீழே மஞ்சள், அதற்கும் கீழே பச்சை. நான் பள்ளிக்கூடம் போன ஒவ்வொரு வருடத்துப் பொங்கலும் சுருள் சுருளாக முற்றத்தில் விழுந்தது. முதல் நான்கு படிகளில் ஒன்றுமில்லை. அப்பா பீடியை அணைத்துவிட்டு, "பாத்தியா?" என்றார். ஐந்தாவது படி கழிக்குள் செருகும் இடத்தில் தகடு தானாக உள்ளே இறங்கியது. கழியின் நீளவாக்கில் விரல் நீளத்துக்கு விரிசல். உள்ளே மரம் பொடிப்பொடியாக இருந்தது.

அப்பா குனிந்து பார்த்தார். விரிசலில் நகத்தை விட்டு நெம்பினார். பிறகு, "போன வாரம் இதுலதான் நின்னு சர்ச்சு மதிலுக்கு அடிச்சேன்" என்றார். யாரிடம் என்று தெரியாமல் சொன்னார். அம்மா அவரைக் கடிந்துகொள்ளவில்லை. சாமான் ஏற்றும் குட்டியானை வண்டி ஓட்டுபவருக்கு போன் போடச் சொன்னாள். அவர் மறுநாள் வருவதாக இருந்தவர். "இன்னைக்கே வரச் சொல்லு. ஒரு ஏணிதான்னா ரெண்டு நாள் ஆவும்" என்றாள்.

சிதம்பரத்தில் துணிக்கடை முதலாளிக்குக் கோபம் வந்தது. "நாளைக்குத்தானே சொன்னேன்? ரெண்டு ஏணின்னு சொன்னியேம்மா?" என்று கேட்டார்.

"ரெண்டு இருந்துச்சு சார். ஒண்ணு சரியில்ல."

"சரியில்லன்னா என்னா? ஒரு நாளைக்குத் தாங்காதா?"

"தாங்கலாம் சார். தாங்கலன்னா நான் ரெண்டு வீட்டுக்குப் பதில் சொல்லணும். இன்னைக்குப் பாதி, நாளைக்குப் பாதி முடிச்சுடுறோம். பிடிக்கலன்னா இப்பவே சொல்லுங்க, வண்டி நிக்குது."

முதல் வேலை, அதுவும் போய்விட்டதென்றே நினைத்தேன். அந்த முதலாளி கண்ணாடியில் படிந்திருந்த சிமெண்ட் தூசியைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார். "சரி, ஆரம்பி" என்று உள்ளே போய்விட்டார்.

இன்று அம்மாவுக்குக் கடலூரிலும் சிதம்பரத்திலும் நிரந்தர வாடிக்கையாளர்கள் இருக்கிறார்கள். நான் ஒரு பள்ளியில் இயற்பியல் ஆசிரியை. உன் வீட்டில் நீதானே முதல் பட்டதாரி, பெருமையாக இல்லையா என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. இருக்கிறது. ஆனால் பெருமை என்ற சொல்லைக் கேட்டதும் எனக்கு என் பட்டம் நினைவுக்கு வருவதில்லை. அந்தப் புதன்கிழமை மதியம்தான் வருகிறது.

அம்மா புடவைக்கு உள்ளே என் சுடிதார் பேண்ட்டைப் போட்டு, மேலே அப்பாவின் பழைய சட்டையை மாட்டி, கொசுவத்தைத் தூக்கிச் செருகியிருந்தாள். அக்காக்களை முதலில் ஏறவிடவில்லை. காலடி வைத்து அளந்து ஏணியைச் சாய்த்தாள். அதற்குள் தெருமுனையில் நின்ற பேருந்திலிருந்து யாரோ இறங்கி வந்தார்கள். பார்த்தால் அப்பா. வருகிறேன் என்று அவர் சொல்லவே இல்லை. ஏணியின் அடியில் வந்து நின்று, இரண்டு கால்களையும் அகட்டி வைத்து, இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டார். அம்மா வாளியோடு மேலே ஏறினாள்.

எதிர்ச் சாரியில், சிதம்பரத்து வேலைகளில் அப்பாவோடு வெள்ளையடிக்கும் கூட்டாளி ஒருவர் சைக்கிளை நிறுத்தினார். வீதியே திரும்பும்படி, "என்னா மச்சான், பொண்டாட்டிய மேல ஏத்திட்டு நீ கீழ நிக்கிற?" என்றார்.

டீக்கடையில் சிரிப்பு எழுந்தது. அப்பா திரும்பிப் பார்க்கவில்லை. "வேல எடுத்தவ அவ. நான் கூலிக்கு வந்தவன்டா. கீழதான் நிப்பேன்" என்றார்.

மேலேயிருந்து அம்மாவின் குரல் வந்தது. "கூலி வோணும்னா பேச்சக் கொறச்சிட்டு ஏணியப் பாருய்யா."

அப்பா சிரித்தார். பிடியை மட்டும் தளர்த்தவே இல்லை.